மாசத்துக்கு அரை இஞ்ச்

சலூன்காரர் ஸ்டீல் ஸ்கேலை முதலில் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்கிறார். சில்லென்று பட்டால் பஞ்சுவுக்குப் பிடிக்காது. பிறகு குந்தி உட்கார்ந்து, வாசல் வெளிச்சத்துக்கு அதன் முதுகைத் திருப்பி, வால் தொடங்கும் இடத்துக்கு நாலு விரல்கடை மேலே ஸ்கேலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்க்கிறார். காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டில் நடக்கும் முதல் காரியம் இதுதான். பல் விளக்குவதுகூட அப்புறம்தான்.

"இன்னிக்கும் இல்லடா."

பஞ்சு ஒரு கொட்டாவி விட்டுவிட்டு நகர்ந்துபோய்ப் படுத்துக்கொள்கிறது. மாதம் ஒரு தடவை அளந்தால் போதும் என்றுதான் கால்நடை டாக்டர் சொன்னார். இவருக்குக் கை நிற்கவில்லை.

பஞ்சு ஒன்பது வயது பொமரேனியன். பெயர் வைத்த காலத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று, நடந்து வந்தால் காலே தெரியாது. இப்போது தலை மட்டும் பழைய பஞ்சு. கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்ட மாதிரி கொஞ்சம், வாலில் கொஞ்சம், நாலு காலிலும் கொஞ்சம். நடுவில் முதுகும் தொடையும் மழமழவென்று கறுத்துக் கிடக்கின்றன. தபால்காரர் ஒரு நாள் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு நாயோட சாமானை வெச்சு ஒரு நாய் பண்ணினதா?" என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் தபாலை அவர் கையிலிருந்து வாங்காமல், "அங்கயே வைங்க" என்று சொல்லிவிட்டார் இவர்.

இவருக்கு வயது ஐம்பத்திமூன்று. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ரெண்டு நாற்காலி போட்ட சலூன், இருபத்தெட்டு வருஷமாக. தெருவில் யாரும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரை இஞ்ச் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. இவரும் "ம், சொல்லு" என்று திரும்புவார்.

பட்டம் வந்த கதை சின்னதுதான். முடி வெட்டிக்கொண்டு எழுந்து, கண்ணாடியைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போகிறவர்கள் எல்லாக் கடையிலும் உண்டு. மற்ற கடைகளில் "நல்லாத்தான் சார் இருக்கு" என்று சமாதானம் சொல்லி அனுப்புவார்கள். இவர் சமாதானம் சொல்கிற சாதி இல்லை. துண்டை உதறிக்கொண்டே, "மாசத்துக்கு அரை இஞ்ச். யார் தலையா இருந்தாலும் சரி. மந்திரி தலைக்கும் அதான், பஸ் டிரைவர் தலைக்கும் அதான். போயிட்டு வாங்க" என்பார். அதோடு நிற்கவும் மாட்டார். "டாக்டர் வெட்டினா தைக்கணும். டெய்லர் வெட்டினா ஒட்டுப் போடணும். நான் வெட்டினா அதுவா வளந்துடும். இதைவிட நிம்மதியான தொழில் ஒண்ணு காட்டுங்க பாப்போம்!" இருபத்தெட்டு வருஷத்தில் ஒருத்தரும் காட்டியதில்லை.

பிடரியைப் பார்த்து நாள் சொல்லுவது இவருடைய இன்னொரு வித்தை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் கழுத்தையே உற்றுப் பார்ப்பார். ஐந்து நிமிஷத்துக்குமேல் தாங்காது. தோளைத் தட்டி, "இருபத்திரெண்டு நாளுங்களா?" என்று கேட்டுவிடுவார். அந்த மனிதர் தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று வெலவெலத்துப் போவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்கு இவரைத் தெரியவே தெரியாது" என்ற முகத்தை வைத்துக்கொள்வார்.

மனைவிக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. எதையும் எழுதி, அடிக்கோடிட்டு, தேதி போட்டு வைக்கிற கை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு, அந்த அம்மாளுக்குப் பேச்சுத்துணை பஞ்சுதான். ஆபீசில் யார் என்ன சொன்னார்கள், அதற்குத் தான் என்ன பதில் சொன்னோம், சொல்லாமல் விட்டது என்ன, எல்லாம் பஞ்சுவுக்குத் தெரியும். புருஷனுக்குத் தெரியாது. புருஷனிடம் சொன்னால் நடுவில் புகுந்து யோசனை சொல்வார். பஞ்சு குறுக்கே பேசாது.

நாலு மாசத்துக்கு முன்னால் அந்த அம்மாளின் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் வந்தது. இருபத்தைந்து நாள் போய் உடன் இருக்கவேண்டியதாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் பஞ்சுவைப் பற்றி ஒரு முழுத்தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பதினோரு உத்தரவுகள். தண்ணீரை மூன்று வேளையும் மாற்றவும். சாப்பாட்டில் உப்பு கூடாது (இரண்டு அடிக்கோடு). வயிற்றுப் பக்கம் சீப்பு போடும்போது மெதுவாக. முடி வெட்டுகிற மெஷினை வைக்கக்கூடாது என்று பன்னிரண்டாவதாக ஒன்று அதில் இல்லை. எந்தப் பெண்டாட்டிதான் அதை எழுதுவாள்?

அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. மின்விசிறியே சூட்டைத்தான் அள்ளிக் கொட்டியது. பஞ்சு குளியலறைத் தரையில் நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டு, "எனக்கு ஏதாவது பண்ணேன்" என்று இவரைப் பார்த்ததாம். அப்படித்தான் இவர் சொல்கிறார். பஞ்சுவின் தரப்பைக் கேட்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சின்னப் பிள்ளைகள் வந்தால் நாற்காலிக் கைப்பிடிகளுக்குக் குறுக்கே போடுகிற பலகையைப் போட்டார். பஞ்சுவை அதில் உட்காரவைத்து, கழுத்தில் துணியும் கட்டினார். மெஷினில் ஒட்ட வெட்டுகிற ஒண்ணாம் நம்பர் சீப்பை மாட்டினார். சும்மா சொல்லக்கூடாது, வேலை அப்படி ஒரு வேலை. முகத்தையும் வாலையும் தொடவில்லை. கால்களுக்கு வரும்போது மெஷினை விட்டுவிட்டுக் கத்தரி. பக்கவாட்டில் மெல்ல இறக்கி, எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் பண்ணியிருந்தார். வெட்டின முடி ஒரு தலையணை உறை நிறைய வந்தது. பஞ்சு இறங்கி, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, கடைக்குள் நாலு சுற்று ஓடியது. எத்தனையோ தலையைப் பார்த்த மனுஷனுக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி இருபத்துமூன்று நாள் இருக்கிறது. அவள் வரும்போது கிட்டத்தட்ட அரை இஞ்ச் வந்துவிடும், கிராப்பு வெட்டின மாதிரி இருக்கும். ஒரு நாள் திட்டுவாள். மறுநாள், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பாள். இவ்வளவுதான் இவருடைய திட்டம். பார்க்கப்போனால் இதில் ஓட்டையே இல்லை.

பத்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. சரி, நாய்க்குக் கொஞ்சம் மெதுவாக வரும்போல. பதினைந்தாம் நாள் கால்களில் துளிர்த்தது, கழுத்தில் துளிர்த்தது. முதுகில் ஒன்றையும் காணோம். இருபதாம் நாள் முதுகுத் தோல் கறுக்க ஆரம்பித்தது. முன்பின் தெரியாதவன் பிடரியைப் பார்த்து நாள் சொல்லுகிற மனிதர், தன் கையால் வெட்டின முதுகைப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

இங்கேதான் தொழில் காலை வாரிவிட்டது. வெட்டினதால் இப்படி ஆகியிருக்கும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? வெட்டினால் வளரும். வளரவில்லை என்றால் அதற்கு வெட்டு காரணமாக இருக்க முடியாது. ஏதோ வியாதி. தான் வெட்டின நேரமும் வியாதி வந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. இருபத்தெட்டு வருஷ அனுபவம் அவரிடம் இதைச் சத்தியம் பண்ணிச் சொன்னது. அவரும் நம்பினார்.

மனைவி வந்திறங்கினார். பை ஒரு பக்கம் விழுந்தது, செருப்பு ஒரு பக்கம்.

"ஐயையோ! என் தங்கத்துக்கு என்னாச்சுங்க?"

"கொட்டிப்போச்சும்மா" என்றது இவருடைய வாய்.

அந்த ஒரு வார்த்தைதான் தப்பு என்கிறார் இவர், இப்போதும் நெற்றியில் அடித்துக்கொண்டு. "மெஷின் வெச்சேன், அப்புறம் கொட்டிப்போச்சுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? முன்பாதிய முழுங்கிட்டேன். எதுக்குத் தேவையில்லாம திட்டு வாங்கணும்னு நெனச்சேன்."

மறுநாளே கால்நடை டாக்டர். இளவயதுப் பெண், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. பஞ்சுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்பவாவது மெஷின் போட்டு முடி எடுத்தீங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"இவரு சலூன்தான் வெச்சிருக்காரு டாக்டர். ஆனா பஞ்சு மேல ஒரு நாளும் கத்தரி பட்டதில்ல. இவருக்குத் தெரியாதா?"

எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா! இவர் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். அந்தப் பூனை இவரையே பார்த்தது.

அதற்கப்புறம் ரெண்டு மாசம் அந்த வீட்டில் நடந்த வைத்தியத்தைச் சொன்னால் பஞ்சுவுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றும். மூன்று நாளைக்கு ஒரு தடவை மருந்து ஷாம்பு. நுரையோடு பத்து நிமிஷம் அப்படியே நிற்கவேண்டும். அந்த அம்மாள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "ஆச்சுடா கண்ணு, இன்னும் நாலு நிமிஷம்டா கண்ணு" என்பார். காலையும் மாலையும் ஒரு மாத்திரை. வேப்பங்காய் தோற்றது, அவ்வளவு கசப்பு. சாப்பாட்டில் ஒளித்து வைத்தால் சாப்பாட்டை நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் துப்பி வைக்கிறது. அதனால் இவர் வாயைப் பிளந்து பிடிக்க, அந்த அம்மாள் தொண்டைக்குள் தள்ளிவிடுவார். மகள் ஃபோனில் மீன் எண்ணெய் என்றாள். ஆபீசில் யாரோ முட்டை மஞ்சள்கரு என்றார்கள். எல்லாம் நடந்தது. பழைய ஸ்வெட்டரை வெட்டி ஒரு சட்டையும் தைத்தாயிற்று. பச்சை நிறத்தில், நாலு கால் ஓட்டையோடு.

சலூனில் தினமும் பேப்பர் படிக்க வருகிற ரிடையர்டு ரயில் டிரைவர் ஒருவர் உண்டு. தலையில் எண்ணிப் பார்த்தால் நாற்பது முடி இருக்கும். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்ப்பா அரை இஞ்ச்சு, உன் வீட்டு நாய்க்கே முடி நிக்கல. எனக்கு எண்ணெய் விக்கிறியே, மனசாட்சி இருக்கா?"

நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக நின்ற முடி வளர்க்கும் எண்ணெய்ப் பாட்டில்கள் கமுக்கமாக உள் அலமாரிக்குப் போய்விட்டன.

கேலியை இவர் பொறுத்துக்கொள்வார், பழக்கம்தான். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. மாத்திரை டப்பா குலுங்குகிற சத்தம் கேட்டால் பஞ்சு கட்டிலுக்கு அடியில் ஓடத் தொடங்கியது. பிறகு சத்தமே வேண்டியதில்லை, அந்த அம்மாள் ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தாலே போதும். ஒன்பது வருஷமாக வாசலுக்கு ஓடிவந்து காலைச் சுற்றின நாய். அவர் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, "அம்மாடா, அம்மாதான்டா" என்று கூப்பிடுவதை இவர் கதவோரம் நின்று பார்ப்பார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார். ஒவ்வொரு நாளும் அது நேற்றைவிடப் பெரிய விஷயமாகி இருக்கும்.

ரெண்டாவது மாசக் கடைசியில் டாக்டர் ரிப்போர்ட்டுகளையெல்லாம் மேஜையில் பரப்பினார்.

"ரத்தம் நல்லா இருக்கு. தைராய்டு நல்லா இருக்கு. பூஞ்சை இல்ல, பூச்சி இல்ல. எனக்கே புரியல. தோல்ல ஒரு சின்னத் துண்டு வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும். மயக்க ஊசி போடவேண்டி வரும். ஒன்பது வயசு, இதயத்துல வேற லேசா ஒரு சத்தம் கேக்குது. ரிஸ்க் இருக்கு, ஆனா வேற வழியில்ல. இதுல கையெழுத்துப் போடுங்க."

மனைவி பஞ்சுவை ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். "நீங்க போடுங்க" என்றார்.

பேனா இவர் கைக்கு வந்தது. தாளில் "உயிருக்கு ஆபத்து நேர்ந்தால்" என்று தொடங்குகிற வரி ஒன்று இருந்தது. அதைப் படித்தார். மறுபடி படித்தார். பஞ்சு மனைவியின் கையிடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம் டாக்டர்" என்றார். "மெஷின் வெச்சது நான்தான். இவ ஊர்ல இல்லாதப்ப."

டாக்டர் பேனாவை வாங்கி மூடி போட்டார். கோபம் வரவேண்டும்தான், ஆனால் அவருக்கு முதலில் பெருமூச்சுதான் வந்தது.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு மாத்திரைகூடத் தேவைப்பட்டிருக்காது. இந்த ஜாதி நாய்ங்களுக்கு ஒட்ட வெட்டினா சில சமயம் முடியோட வேர் தூங்கிப் போயிடும். வியாதி இல்ல. ஆனா எப்ப முழிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆறு மாசம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம். சிலதுக்கு வராமலே போயிடும்."

"வெட்டினா வளரணுமே டாக்டர்" என்றார் இவர், பாவமாக.

"மனுஷனுக்கு" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மனைவி, "நீங்க முன்னாடி போங்க. நாங்க மெதுவா வர்றோம்" என்றார். அந்த அம்மாள் கத்தினால் பயமில்லை. மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயப்படவேண்டும். அன்றைக்குத் தொடங்கியது. "சாப்பிடலாம்." "தண்ணி வெச்சிருக்கு." "சாவி மேஜை மேல இருக்கு." ஏதோ பேயிங் கெஸ்ட்டிடம் பேசுகிற மாதிரி.

நாலாம் நாள் மட்டும் அந்த மரியாதை உடைந்தது. இவர் ஏதோ சமாதானம் சொல்லப்போய், "வெயிலுக்குப் பாவம் பாத்துதான்மா வெட்டினேன்" என்று ஆரம்பித்தார்.

"வெட்டினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. பாவம் பாத்துதான் வெட்டியிருப்பீங்க, தெரியும். ரெண்டு மாசம் அந்த மாத்திரைய நான் அது தொண்டைக்குள்ள தள்ளினேன். அது என்னைப் பாத்தாலே நடுங்குது. என்னைங்க! நீங்க பக்கத்துல நின்னு வாயப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. தெரிஞ்சுக்கிட்டே பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

வியாதி என்றுதான் நம்பினேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை இல்லை என்று இவருக்கே தெரிந்திருந்தது.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். இவர் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அப்படியே ஆடிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலைமுடியின் நுனியை இவரைத் தவிர வேறு யாரும் வெட்டினதில்லை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, சமையலறை முக்காலியில் உட்காரவைத்து, இவர்தான். பிரசவத்துக்குப் போயிருந்தபோதுகூட ஆஸ்பத்திரிக்கே போய் வெட்டிவிட்டு வந்தவர். அந்த முடி இப்போது பார்லரில் வெட்டப்பட்டு, ஷாம்பு வாசத்தோடு எதிரே நிற்கிறது.

அதுவும் எப்படி? இடது பக்கம் வலதைவிட அரை விரல்கடை இறங்கி இருந்தது. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. இவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"சாப்பிடலாம்" என்றார் மனைவி.

மறுநாள் ரயில் டிரைவரிடம் சொல்லி அழாத குறை. "திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன் சார். தட்டைத் தூக்கி எறிஞ்சிருந்தாக்கூட பொறுக்கி வெச்சிருப்பேன். பார்லருக்குப் போயிட்டா சார்!"

அந்தப் பெரிய மனுஷர் பேப்பரை மடித்து வைத்தார். முதல் தடவையாகக் கேலி பண்ணவில்லை. "என்கிட்ட வந்து சொல்லி என்ன புண்ணியம்? ரெண்டு மாசமா தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் அந்தம்மாவ நிறுத்தி, நாய்க்கு என்ன வியாதின்னு கேட்டான். அத்தனை பேருக்கும் அவங்க தப்பான பதிலைச் சொல்லிட்டு வந்திருக்காங்க. அதை யாரு போய்த் திருத்தறது?"

இவர் அன்று மதியம் ஒரு அட்டை வாங்கினார். ஸ்கெட்ச் பேனாவால் தன் கோணல் கையெழுத்தில் எழுதி, வெளிக்கண்ணாடியில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். "பொமரேனியன் நாய்க்கு ஒட்ட முடி வெட்டாதீர்கள். வளராமல் போகலாம். நான் வெட்டிக் கெடுத்தேன். விவரம் உள்ளே கேட்கவும்."

கேட்காமல் விடுவார்களா? முடி வெட்ட வருகிறவர்கள் கேட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சும்மா இருக்க முடியாமல் உள்ளே வந்து கேட்டார்கள். முதல் வாரம் சொல்லி முடிப்பதற்குள் காது சிவந்துவிடும். பிறகு பழகிவிட்டது. எங்கே தலையைச் சொறிவது, எங்கே பூனைப் படத்தைச் சொல்வது என்றெல்லாம் ஒரு ஒழுங்கு வந்தது. ஆனால் "கொட்டிப்போச்சும்மா" என்ற இடம் வரும்போது மட்டும் கத்தரி நின்றுவிடும். அந்த இடத்தை இவரால் வேகமாகத் தாண்ட முடிந்ததே இல்லை. "அரை இஞ்ச்சு, வியாபாரத்தைக் கெடுத்துக்காதே, அதைக் கிழிச்சுப் போடு" என்று எதிர்க்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். இவர் அட்டையின் நாலு மூலையிலும் இன்னும் கொஞ்சம் டேப் ஒட்டினார். காலையில் பஞ்சுவை நடத்திக்கொண்டு போவதும் இப்போது இவர்தான். பச்சைச் சட்டை போடாமல் கூட்டிப்போகிறார். யாராவது நின்றால், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "வியாதி இல்லீங்க, நான் பண்ணினது" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.

மாத்திரை நின்று ஒரு மாசம் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து பஞ்சு முதலில் மூக்கை நீட்டியது. பிறகு தலையை நீட்டியது. போன வாரம் அந்த அம்மாள் கதவைத் திறந்ததும் எழுந்து நின்று, போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, அவர் காலடிக்கே போய்விட்டது. அவர் கைப்பையோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். கதவோரம் நின்ற இவர் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டார்.

முந்தாநாள் சாயங்காலம் கடையில் யாரும் இல்லை. இவர் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவி நிற்பது தெரிந்தது. ஆபீஸ் கைப்பையோடு, அட்டைக்கு எதிரே. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில் தினமும் எதிர் நடைபாதையோடு போய்விடுகிறவர். அன்றைக்குத் தெருவைத் தாண்டி வந்து நிற்கிறார். அட்டையைப் படிக்கிறார். நாலே வரிதான், ஆனால் வெகுநேரம் படிக்கிறார். இவர் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார்.

கதவு திறந்தது.

"'ஒட்ட'ன்னு எழுதினது சரியாத் தெரியல. பேனா காஞ்சிருக்கு" என்றார்.

"திருத்திடறேன்."

அவர் கைப்பையை மேஜைமேல் வைத்தார். பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்து முடியைப் பின்னால் விட்டார். கண்ணாடியில் இவரைப் பார்க்காமல், தன் தோளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இடது பக்கம் இறங்கியிருக்காம். ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

ஆபீஸில் எவருக்கும் அது தெரிந்திருக்காது. இவர் துடைப்பத்தை மூலையில் வைத்தார். கையைக் கழுவினார், துடைத்தார். புதுத் துணி எடுத்து உதறிப் போர்த்தினார். சீப்பால் ஒரே ஒரு தடவை வாரினார். இடது பக்க நுனியை ரெண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, அவர் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, கண்ணுக்கு நேராகக் காட்டினார். கத்தரியை இன்னும் எடுக்கவில்லை.

"இவ்வளவு எடுக்கட்டுமா?"

மனைவி துணிக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்து, புருஷனின் விரலைப் பிடித்து, நுனிப் பக்கமாக ஒரு அரிசி அகலம் கீழே நகர்த்தி வைத்தார்.